இலக்கும் கருவியும்

தமிழ்நாட்டின் வட பகுதியில் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் விட்டுவிட்டு நிற்கின்றன. அவற்றுள் ஒன்று கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீல வண்ணமாய் எழுந்து தோன்றும் இம்மலையில் கோமுகி ஆறு பிறக்கிறது. சாமையும் தினையும் இதன் சரிவுகளில் விளைகின்றன. கடுக்காயும் தேனும் இதன் காடுகளில் கிடைக்கின்றன. வெள்ளிமலை முதலிய ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர்.

இம்மலைக்குத் தென்மேற்கே கொல்லிமலை இருக்கிறது. அதனை ஆண்ட ஓரி என்பவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் விடுத்த ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருட்டி, இறுதியில் ஓர் உடும்பின்மேல் தைத்து நின்றது எனப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். ஆதலின் அவனை ‘வல்வில் ஓரி’ என உலகம் போற்றியது.

ஓரியின் புகழைக் கேட்கும் இளைஞர், வலிய கருவியே சிறந்த கருவி என்று எண்ணக் கூடும். ஆனால் வல்வில் என்பது பயின்று முதிர்ந்த வீரனுக்கு உரிய கருவி. பயிலத் தொடங்குவோனுக்கு உரிய கருவி யாது? இக்காலத்தில் வில்லின் இடத்தைத் துப்பாக்கி பெற்றுவிட்டமையால், இவ்வினா முன்னினும் இன்றியமையாததாகிறது. ஏனெனில், தவறான வில் கைக்கு நோவு தரும். தவறான துப்பாக்கியோ உயிருக்கே கேடு தரும்.

மலைப்பகுதிகளில் ‘நாட்டுத் துப்பாக்கி’ என்று ஒன்று வழங்கி வந்தது. இரும்புக் குழல் ஒன்றின் வாய் வழியாகக் கருமருந்தையும் ஈயத் துண்டுகளையும் இட்டு, கோலால் இடித்துத் திணித்து, அதனைச் சுடுவர். மருந்து சிறிது மிகுந்தாலும், குழலின் இரும்பு சிறிது நலிந்திருந்தாலும், குழல் வெடித்துச் சுடுவோனின் கையையும் கண்ணையும் சிதைத்துவிடும். ஈயத் துண்டுகள் சிதறிச் செல்லுமாதலின், எது எங்கே படும் என்று எவரும் உறுதி கூற இயலாது. காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் குற்றமாக்குகிறது. எனவே, பாட்டனார் காலத்துக் குழல் ஒன்று வீட்டின் எரவாணத்தில் செருகப்பட்டிருப்பினும், அதனை எடுத்துப் பழகலாம் என்று எண்ணுதல் அறியாமை. அதனைப் பெரியோர் வாயிலாகக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே முறை.

அவ்வாறாயின், குறிபார்த்துச் சுடும் கலையைக் கற்க விரும்பும் மாணவன் எங்கே செல்வது? சுடுதளத்திற்கே செல்லவேண்டும். சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி ஆகிய நகரங்களில் ரைபிள் கழகங்கள் உள்ளன. 1948 இல் தோன்றிய தேசிய மாணவர் படையில் சேர்ந்தோர்க்கும் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. இந்திய தேசிய ரைபிள் சங்கம் 1951 இல் நிறுவப்பட்டது. மக்களவையின் முதல் தலைவரான மாவலங்கர் அதன் முதல் தலைவராக இருந்தார். இவற்றால், குறிபார்த்துச் சுடுதல் நாட்டில் மதிப்புடன் வளர்ந்த கலை என்பது விளங்கும்.

சுடுதளத்திற்குச் செல்லும் மாணவன்முன் மூவகைத் துப்பாக்கிகள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவது, படைவீரர் ஏந்தும் பெரிய ரைபிள். இரண்டாவது, ‘பாயிண்ட் டூ டூ’ என வழங்கும் சிறிய ரைபிள்; இதன் குழல்துளை ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். மூன்றாவது, 4.5 மில்லிமீட்டர் துளையுடைய காற்று ரைபிள். மூன்றின் குழல்களிலும் உட்புறத்தே திருகுபோல வளைந்த வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகளால் குண்டு பம்பரம்போலச் சுழன்று நேரே செல்லும். இத்தகைய வரிகள் உடைமையாலேயே ரைபிள் என்னும் பெயர் வந்தது.

இம்மூன்றின் ஆற்றலை ஒப்பிட்டுப் பார்ப்போம். காற்று ரைபிளின் ஈயக்குண்டு அரை கிராம் அளவே எடையுள்ளது. நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் விரைவில் செல்லும். அதன் ஆற்றல் 7 ஜூல் அளவினது. சிறிய ரைபிளின் குண்டு 2.6 கிராம் எடையுடன் நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் விரைவில் செல்லும். அதன் ஆற்றல் 140 ஜூலை எட்டும். பழைய ‘த்ரீ நாட் த்ரீ’ ரைபிளின் ஆற்றலோ 3000 ஜூலுக்கும் மேற்பட்டது. சிறியது என்று நாம் எளிதாகக் கூறும் இரண்டாம் வகைத் துப்பாக்கியின் குண்டுகூட, தடுப்பாரின்றிச் சென்றால் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பவனையும் காயப்படுத்தக் கூடும்.

ஆர்வமுள்ள இளைஞன் பெரிய ரைபிளை நாடியே கை நீட்டுவான். நல்லாசிரியரோ அக்கையை மெல்ல விலக்கிக் காற்று ரைபிளைத் தருவார். காரணம் யாதெனில், பெரிய துப்பாக்கி பேரொலி எழுப்பித் தோளைப் பின்னோக்கி இடிக்கும். ஒருமுறை இடிபட்டவன், அடுத்த முறை விசையை அழுத்துமுன்னரே அவ்வொலியையும் இடியையும் எதிர்பார்த்துக் கண்ணை மூடுவான், தோளைக் குறுக்குவான், விசையை வெடுக்கென இழுப்பான். குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன் குழல் அசைந்துவிடும். இவ்வச்சம் ஒருமுறை உடலில் படிந்துவிட்டால், பின்னர் அதனைப் போக்குவது அரிது. காற்று ரைபிளில் பேரொலியும் இல்லை, பேரிடியும் இல்லை. ஆதலின், தவறு நேர்ந்தால் அதனைத் துப்பாக்கியின்மேல் ஏற்றிக் கூற இயலாது. தன் மூச்சும் விரலும் நிலையுமே தவறின என்பதை மாணவன் கண்கூடாக உணர்வான். தன் தவறைத் தனக்கே காட்டும் கருவியே தொடக்கத்திற்கு ஏற்ற கருவி.

சிறு பிழையும் எத்துணைப் பெரிதாகும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் உள்ளது எனக் கொள்வோம். முன்முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டர் தொலைவில் உள்ள அட்டையில் குண்டு 12 மில்லிமீட்டருக்கு மேல் விலகிப் படும். காற்று ரைபிள் போட்டிக்கு உரிய அட்டையில் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. பத்து வட்டங்களும் சேர்ந்த முழு விட்டமும் 45.5 மில்லிமீட்டரே. எனவே, பத்து மதிப்பெண் பெறவேண்டிய குண்டு ஐந்து அல்லது ஆறுடன் நின்றுவிடும்.

காற்று ரைபிளிலும் இருவகை உண்டு. ஒருவகையில் சுருள்வில் ஒன்று உள்ளிருந்து பாய்ந்து காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும். அவ்வில் பாயும்போது துப்பாக்கி சிறிது குலுங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே வகையாகப் பிடித்தாலன்றி அது நேரே சுடாது. மற்றொரு வகையில், முன்னரே உருளையில் அழுத்தி நிரப்பிய காற்று அளவாக வெளிப்பட்டுக் குண்டைத் தள்ளும். இதில் குலுக்கம் மிகக் குறைவு. இரண்டும் கிடைக்குமாயின், தொடங்குவோன் இரண்டாம் வகையைக் கைக்கொள்வது நன்று.

வகையைத் தெரிந்தபின் அளவைத் தெரியவேண்டும். பிறர் செருப்பு நம் காலுக்குப் பொருந்தாததுபோல, பிறர் துப்பாக்கியும் நம் தோளுக்குப் பொருந்தாமற் போகலாம். ஆசிரியர் முன்னிலையில், குண்டு இல்லாத துப்பாக்கியின் கட்டையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்துக் கையை நீட்டிப் பார்க்கவேண்டும். சுட்டுவிரலின் நுனி வருத்தமின்றி விசையை அடையுமாயின் கட்டையின் நீளம் பொருந்தும். போட்டி விதிப்படி காற்று ரைபிளின் எடை 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம். இளையோர்க்கு அது மிகை. எடை மிகுந்தால் முதுகை வளைத்துத் தாங்குவர். அவ்வளைவே பின்னர்ப் பழக்கமாகிவிடும். ஆகையால், எடை குறைந்த துப்பாக்கியைத் தேர்வதோ, தாங்கியின்மேல் வைத்துச் சுடுவதோ தொடக்கத்தில் இழுக்கன்று.

எந்தக் கண்ணால் குறிபார்ப்பது என்பதும் அறியத்தக்கது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, மலைமேல் தோன்றும் ஒரு பாறையை இரு கண்களாலும் அத்துளை வழியே நோக்குக. பின்னர் ஒரு கண்ணை மூடுக. பாறை மறையாமல் நின்றால், திறந்திருக்கும் கண்ணே தலைமைக் கண். அது மறைந்தால், மூடிய கண்ணே தலைமைக் கண். அக்கண் இருக்கும் பக்கத்துத் தோளில் துப்பாக்கியை ஏந்துதல் பெரும்பாலோர்க்கு எளிது.

துப்பாக்கியைத் தேர்ந்தபின் அதனைச் சோதிப்பது எவ்வாறு? ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டுகளைச் சுடுக. ஐந்தும் ஓரிடத்தில் நெருங்கிப் பட்டிருப்பின், அவை நடுவில் படாவிடினும் கவலை வேண்டா. பின்குறியைத் திருப்பி அவற்றை நடுவிற்குக் கொண்டுவரலாம். ஐந்தும் ஐந்து திசையில் சிதறியிருப்பின், ஒன்று நடுவில் பட்டிருந்தாலும் மகிழ்தற்கு இடமில்லை, அது தற்செயலே. நெருக்கமே திறமையின் அடையாளம்.

இனி, துப்பாக்கி எதுவாயினும் மாறாத விதிகள் சில உள. ஒவ்வொரு துப்பாக்கியும் குண்டு நிரப்பியதே எனக் கருதுதல் வேண்டும். குழலின் வாயை இலக்கின் பக்கமன்றி வேறெங்கும் திருப்பலாகாது. சுடும் நொடி வரையில் விசையில் விரலை வைக்கலாகாது. இலக்கின் பின்னே யாது உளது என்பதை அறியாமல் சுடலாகாது. ‘நிறுத்துக’ என்னும் ஆணை எழுந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்து விலகி நிற்றல் வேண்டும். காற்று ரைபிளும் விளையாட்டுப் பொருளன்று. அருகிலிருந்து சுட்டால் அது கண்ணைப் போக்கிவிடும்.

சிறிய கருவியால் பெரும்புகழ் எய்தலாகுமோ என ஐயுறுவோர், அபிநவ் பிந்த்ராவை நினைத்தல் வேண்டும். 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தனியொருவர் பெற்ற முதல் தங்கப் பதக்கத்தை அவர் ஈட்டித் தந்தார். அவர் கையில் இருந்தது 10 மீட்டர் காற்று ரைபிளே. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 இல் லண்டனில் வெண்கலம் பெற்றதும் அதே போட்டியில்தான். 1993 வரை கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது கடலூர். அக்கடலூரில் 1999 இல் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019 ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காற்று ரைபிளால் தங்கம் வென்றார். பின்னர் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்துகொண்டார்.

மாணவர்களே! கருவியின் பெருமை அதன் ஒலியில் இல்லை. ஏந்துவோன் அதனை அடக்கியாளும் வன்மையிலேயே அது விளங்கும். தன்னால் ஆளத்தக்க கருவியைத் தேர்ந்து, தக்க இடத்தில், தக்க ஆசான்கீழ் நின்று, சட்டத்திற்கு அடங்கிப் பயில்பவனுக்கே குறி வாய்க்கும். அத்தகையோன் கையில் உள்ள துப்பாக்கியால் ஊராருக்கு அச்சமில்லை. காட்டு உயிர்களுக்கும் துன்பமில்லை. எய்தாமல் அடங்கியிருக்கவும் கற்றவனே எய்யக் கற்றவன் ஆவான்.