தேய்ந்த சுவரில் என்ன இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழிகாட்டி யாரையும் வைத்துக்கொள்ளாமல் காஞ்சிபுரத்தை நீயே சுற்றிப் பார்த்தாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பற்றி நீ எழுதிய வரிகள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. “சுற்று முழுக்கச் சிற்பங்கள். எல்லாம் தேய்ந்து கிடக்கின்றன. இராமாயணக் காட்சிகள் போலிருந்தன. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அதில் அப்படி என்னதான் ஐயா இருக்கிறது?” என்று கேட்டிருக்கிறாய்.

அது இராமாயணம் இல்லை, தம்பி. முடிசூட்டு என்றாலே இராமன், யானை என்றாலே கஜேந்திரன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறவர்களே இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வந்திருக்கிறது. அந்தச் சுவரில் இருப்பது பல்லவர் வரலாறு. தொடக்கத்தில் மட்டும் குலமுதல்வர்களாகத் திருமால், பிரமன் என்று வரும்; துரோணர், அசுவத்தாமன் வழியாகப் பல்லவன் வரைக்கும் இறங்கும். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் மனிதர்கள், காஞ்சியில் இருந்து ஆண்ட அரசர்கள்.

சிங்கத் தூண்களுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக ஓடும் அந்தச் சிற்பங்களை எப்படிப் படிப்பது? முகங்களை விட்டுவிடு, அவை தேய்ந்தவைதான், மணற்கல் அப்படித்தான். செயலைப் பார். நடுவில் ஒருவன் அமர்ந்திருக்க, இருபக்கமும் நிற்பவர்கள் அவன் தலைமேல் குடம் கவிழ்த்தால், அங்கே ஒரு புதிய அரசனின் ஆட்சி தொடங்குகிறது. அதையடுத்து வரும் போர்களும் அவை நடப்பும் அவனுடையவை. அடுத்த குடம் கவிழும்போது அடுத்த ஆட்சி. இதை மட்டும் பிடித்துக்கொண்டு நட, சுற்று ஒழுங்காகிவிடும்.

இனி நான் சொல்ல வந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோக, நாடு தலைவன் இல்லாமல் தவித்தது. அப்போது என்ன நடந்தது என்பதைச் சிற்பங்களோடு வெட்டியிருக்கும் சிறு குறிப்புகளே சொல்கின்றன. மாத்திரர் என்ற உயர் அதிகாரிகளும், மூலப்பிரகிருதியார் என்ற குடிமக்களும், கடிகையாரும் சேர்ந்து, பல்லவர் குலத்தின் கிளை மரபில் வந்த இரணியவர்ம மகாராசனிடம் போகிறார்கள். எங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் தன் மக்களைக் கேட்கிறான். மூத்தவர்கள் மறுக்கிறார்கள். பல்லவமல்லன், அப்போது 12 வயது, ‘நான் போகிறேன்’ என்கிறான். அத்தனை சின்னப் பிள்ளையை அனுப்பத் தகப்பனுக்கு மனம் வரவில்லை. தரணிகொண்டபோசர் என்ற பெரியவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் இசைகிறான். பிள்ளை மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வருகிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். இந்தக் கோயில் அவன் கட்டியதுதான். திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுவே.

அந்தக் குறிப்பில் கடிகையார் இருக்கிறார்களே, அதை யாரும் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. கடிகை என்பது காஞ்சியின் உயர்கல்விக்கூடம். மயூரசர்மன் வெகுதொலைவிலிருந்து படிக்க வந்ததும் இந்த ஊர்க் கடிகைக்குத்தான். இங்கே பல்லவக் குதிரை வீரனோடு ஏற்பட்ட தகராறில் மனம் கசந்து போய்க் கடம்ப அரசை நிறுவினான் என்று கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கிறது. அப்படிப்பட்ட ஓர் இடத்தின் ஆசிரியர்கள், அரியணை காலியானபோது அரசனைத் தேடிப் போனவர்களோடு சேர்ந்து நின்றிருக்கிறார்கள். படித்தவர்களின் சொல்லுக்கு நாட்டு நடப்பில் எடை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் இல்லை. இதை நான் மிகைப்படுத்துவதாக நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

இவ்வளவையும் நந்திவர்மன் ஏன் கல்லில் வெட்டினான்? அவன் உரிமையை எல்லோரும் ஏற்கவில்லை. சித்திரமாயன் என்ற பல்லவ இளவரசன் எதிர்த்தான். நந்திபுரத்தில் நந்திவர்மன் முற்றுகையில் சிக்கியதையும், தளபதி உதயசந்திரன் அவனை மீட்டுச் சித்திரமாயனைக் கொன்றதையும் உதயேந்திரச் செப்பேடு கூறுகிறது. குடிமக்கள் தேர்ந்தெடுத்த அரசன் இவன் என்று காரைக்கால் பக்கத்தில் கிடைத்த காசாக்குடிச் செப்பேடும் சொல்கிறது. செப்பேடு பெட்டிக்குள் போய்விடும். சுவரைப் பெருமாளைச் சுற்றி வருகிற ஒவ்வொருவரும் பார்த்தாக வேண்டும்.

பிரான்சுக்குப் போய் அங்குள்ள பேராலய நகரங்களைப் பார்க்க வேண்டும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அங்கே பாயூ என்ற ஊர் இருக்கிறது. 1066இல் நார்மன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சுமார் 70 மீட்டர் நீளத் துணியில் பூத்தையலாகப் போட்டு, அடையாளம் தெரிய இலத்தீனில் குறிப்பும் தைத்து வைத்திருந்தார்கள். அதை விழா நாட்களில் அந்த ஊர்ப் பேராலயத்தில் தொங்கவிடுவார்கள் என்று 1476ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று காட்டுகிறது. அங்கேயும் கேள்வி இதுதான்: யாருக்கு அரியணை? அதைப் பார்க்க உலகமே போகிறது. அதற்கு 300 ஆண்டு முந்தைய நம்முடையதைப் பத்து நிமிடத்தில் தாண்டி வந்திருக்கிறாய். வருத்தமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

இந்தச் சிற்பங்களை வரிசையாகப் படித்துக் காட்டியவர் சி. மீனாட்சி. பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவருடைய நூல் 1938இல் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் நூலை 1941இல் தொல்லியல் துறை வெளியிட்டது. அதை அச்சில் பார்க்க அவர் இல்லை. 1940இலேயே, நாற்பது வயதுகூட ஆகாமல், இறந்துபோனார். அவருடைய விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுற்றில் நின்றபோதுதான் எனக்கே அது கதையாகத் தெரிந்தது. சிற்ப வரிசையில் ஓரிடத்தில் மூன்றடுக்குக் கோயில் ஒன்று இருக்கும். இருந்தும் கிடந்தும் நின்றும் பெருமாள் தெரிவார். நீ நிற்கிற கோயிலையே சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். அதை விட்டுவிடாதே.

மறுபடி போகும்போது வரிசையை மாற்று. காலையில் முதலில் கைலாசநாதர் கோயில். கிழக்கு நோக்கிய கோயில், இளவெயிலில் பார்க்க வேண்டியது. இராசசிம்மன் கட்டியது, சுற்றிலும் 58 சிற்றாலயங்கள், அவற்றில் அவனுடைய பட்டப்பெயர்களை வெவ்வேறு எழுத்து வகைகளில் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். 1931இல் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் ஓவியங்களைக் கண்டெடுத்ததும் இந்தச் சிற்றாலயங்களில்தான். ஆனால் நீ தேட வேண்டியது மண்டபத் தூண் ஒன்றில் இருக்கும் கன்னடக் கல்வெட்டு. நந்திவர்மன் காலத்தில் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்ததாக அதில் இருக்கிறது. பகைவன் தன் மொழியில் எழுதிவைத்ததை இங்கே பார்த்துவிட்டு, அரசன் தன் பக்கம் சொல்வதை வைகுண்டப் பெருமாள் கோயிலில் போய்ப் பார்.

உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணி ஆகும் திறக்க. அந்த நேரத்தைக் கடைகளில் கழிக்காதே. கூட்டிப்போகிறேன் என்று வாசலில் நிற்பவர்களிடம் போகாமல், பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நட. தறிச் சத்தம் கேட்கும் வீட்டில் அனுமதி கேட்டு உள்ளே போ. கோர்வைச் சேலை நெய்யும் தறியாக இருந்தால் மூன்று நாடா ஓடும். உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று. குழியில் கால் வைத்து நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கக் கரைக்குத் துணையாள் உட்கார்ந்திருப்பார். உடலின் ஊடை கரைக்குள் நுழையாது. கரையின் ஊடை உடலுக்குள் வராது. ஒவ்வோர் இழைக்கும் இரண்டும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பிவிடும். நெய்பவர் புரட்டிக் காட்டினால் பின்பக்கம் அந்தக் கோர்ப்பை விரலால் தடவிப் பார். ஜரிகையின் விலையைப் பற்றியே பேசுகிற நாம் இந்த இடத்தின் உழைப்பைப் பேசுவதில்லை.

மாலையில் ஏகாம்பரநாதர் கோயில், கிருஷ்ணதேவராயரின் 1509ஆம் ஆண்டுக் கோபுரம். அதைப் பற்றி நீயே நன்றாக எழுதியிருக்கிறாய். வரதராசரையும் பார்த்துவிட்டாய். வேகவதிக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்து சமணக் கோயிலை மட்டும் இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள். விசயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய சங்கீத மண்டபத்தில் மேலே அண்ணாந்து பார்க்க ஓவியங்கள் நிறைய உண்டு. அவசரத்தில் பார்க்கிற இடம் இல்லை.

மீனாட்சியின் நூலிலிருந்து சிற்ப வரிசை விளக்கத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த வாரம் கிளம்புகிறாய் என்று எழுது, அதற்கு முன் அனுப்பிவிடுகிறேன். கையில் சின்ன டார்ச் ஒன்று கொண்டு போ. குறிப்பெழுத்தின்மேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால்தான் எழுத்து எழும்பித் தெரியும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்