கடிதத் தேர்வு எழுதப்போகும் மகளுக்கு

மகளே, பி.காம். சேர்ந்திருக்கிறாய். கணக்குப்பதிவியலைக் கண்டு நீ பயப்படவில்லை. வணிகத் தகவல் தொடர்பு என்றதும்தான் முகம் வாடுகிறது. கடையநல்லூர்ப் பிள்ளைகளுக்கு வெகுகாலம் வணிகவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தியவன். இந்தத் தாளில் மதிப்பெண் குறைவதற்கு இங்கிலீஷ் மட்டும் காரணமில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகிறவரும் ஒரு மனிதர் என்பதை மறந்துவிடுவதே பெரிய காரணம். அதை மனத்தில் வைத்து, கீழே எழுதியிருப்பதைப் படி.

1. உன் ஊரை நினைத்துத் தைரியம் கொள். கடிதம் நமக்குப் புதிதில்லை. தறியை விட்டுச் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன நம் ஊரார் 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் கண்டார்கள். 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி திறந்தார்கள். அக்கரையில் அவர்கள் இருக்க, இக்கரையில் குடும்பங்கள் கடிதத்தை நம்பித்தான் வாழ்ந்தன. பணம் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, எப்போது வரும் என்று ஒரே தாளில் தெளிவாக எழுதியவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அவர்களால் முடிந்தது உன்னாலும் முடியும்.

2. கேள்வியை இரண்டு முறை படி. நீ வாங்குபவளா, விற்பவளா என்பதை முதலில் முடிவு செய். புகாருக்குப் பதில் எழுதச் சொன்னால், அருமையான புகார்க் கடிதம் ஒன்றை எழுதிவைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மொழியும் சுத்தமாக இருக்கும். ஆனால் எழுதியவர் இடம் மாறிப்போனால் மதிப்பெண் போட வழியில்லை. அவசரம் அறிவைத் திருடும். பேனாவைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் சும்மா இரு.

3. கைடில் உள்ள கடிதத்தை மனப்பாடம் செய்யாதே. ஒரு கட்டு முழுவதும் ஒரே சென்னை முகவரி, ஒரே பழைய தேதி, ஒரே பிழை என்று வரும்போது திருத்துகிறவருக்கு மனம் சலித்துவிடும். உன்னைச் சுற்றிலும் வணிகம் நடக்கிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு விலை கேட்டு எழுது. நம் ஊர்க் கைத்தறிக்கு நூல் ஆர்டர் எழுது: எத்தனையாம் நம்பர் நூல், எத்தனை கட்டு, எந்தத் தேதிக்குள், லாரியிலா பார்சலிலா, பணம் எப்படி? கண்ணால் கண்ட சரக்கைப் பற்றி எழுதினால் சொல் தானாக வரும்.

4. படிவத்தை அலட்சியம் செய்யாதே. தேதி, பெறுநர் முகவரி, பொருள், விளிப்பு, முடிப்பு, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது படிப்பவருக்கு நீ செய்யும் மரியாதை. முகவரியில் நீ எழுதும் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதன் முதல் மூன்று எண்ணைப் பார்த்தே கடிதம் எந்தப் பிரிப்பு மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்று அஞ்சல்காரர்கள் அறிவார்கள். அப்படித்தான் படிவத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. ‘டியர் சார்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று முடி. பெயர் சொல்லி விளித்தால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. அந்த ‘யுவர்ஸ்’ஸில் ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் மேற்குறி போடாதே. வருடந்தோறும் பிள்ளைகள் விடாமல் செய்யும் பிழை அது. இன்னொன்று: கடிதத்தின் அடியில் உன் சொந்தப் பெயரையோ செல்பேசி எண்ணையோ எழுதாதே. தேர்வில் அது உன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகக் கருதப்படலாம்.

5. படிப்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து எழுது. ‘நாங்கள் சரக்கை அனுப்பிவிட்டோம்’ என்பதைவிட ‘வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கடைக்குச் சரக்கு வந்துசேரும்’ என்பது மேல். சொல்வதை முழுமையாக, சுருக்கமாக, தெளிவாக, பணிவாகச் சொல்லவேண்டும் என்று பாடத்தில் ஏழு குணங்களை அடுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டியலைப் பெயர் சொல்லி ஒப்பிப்பது எளிது. உன் கடிதத்தில் அவை தெரிகின்றனவா என்று பார்.

6. பணம் கேட்கும்போது நாவை அடக்கு. வசூல் கடிதத்துக்குப் படிகள் உண்டு: முதலில் நினைவூட்டல், பிறகு காரணம் கேட்டு வேண்டுகோள், கடைசியில்தான் சட்ட எச்சரிக்கை. முதல் கடிதத்திலேயே கோர்ட், வக்கீல் என்று எழுதும் பிள்ளைகள் பலர். எனக்குத் தெரிந்த முதிய ஜவுளி வியாபாரி ஒருவர், “இன்றைக்குப் பாக்கி வைத்தவன் நாளைக்கும் நம் கடைக்கு வரவேண்டும், தம்பி” என்பார். கடன் வசூலாக வேண்டும். உறவும் மிஞ்ச வேண்டும். தறியில் இழை அறுந்தால் நெசவாளி பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை, முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறான். வசூல் கடிதமும் அப்படித்தான்.

7. இங்கிலீஷைக் கண்டு ஒளியாதே. நீளமான வாக்கியம் எழுதினால்தான் மதிப்பு என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எட்டுப் பத்துச் சொல்லில் ஒரு வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, இது போதும். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் சின்னச் சின்ன வாக்கியங்களாலேயே நல்ல மதிப்பெண் வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். பாடம் இங்கிலீஷில் நடந்தாலும் தேர்வைத் தாய்மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உன் கல்லூரியில் விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள். ஆனால் பயத்தினால் மட்டும் தமிழுக்கு ஓடாதே; தமிழ் உனக்குப் பலமாக இருக்கட்டும், ஒளிவிடமாக வேண்டாம்.

8. தெரியாததை அளந்துவிடாதே. ‘தகவல் தொடர்பில் சொல்லின் பங்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55’ என்று பல விடைத்தாள்களில் இருக்கும். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒருவர் பேசும்போது அவருக்கு நம்மீது விருப்பா வெறுப்பா என்பதை எதைக்கொண்டு உணர்கிறோம் என்றுதான் அவர் ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். விலைப்பட்டியலை முகபாவத்தால் சொல்ல முடியுமா? எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் நீ பொறுப்பாளி. இந்தப் பழக்கம் நாளைக்கு உன் கணக்குப் புத்தகத்தையும் காக்கும்.

9. நேரத்தை மதிப்பெண்ணுக்குப் பங்கிடு. 75 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால், 5 மதிப்பெண் கேள்விக்கு 12 நிமிடம், 8 மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய 19 நிமிடம். தெரிந்த கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியைத் தொடாமல் வருவது பேராசை. ஒரு மதிப்பெண் கேள்விகளைச் சீக்கிரம் முடித்து, மிச்சமாகும் நேரத்தில் எழுதியதைத் திரும்பப் படி. தேதி விட்டுப்போனதும், ‘பொருள்’ வரியும் கடிதமும் ஒட்டாமல் நிற்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

10. அரியர் விழுந்தால் அழுதுகொண்டு உட்காராதே. விடைத்தாள் நகலைக் கேட்டு வாங்கு. திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நகல் வந்ததும் திருத்தியவர்மேல் குறை தேடாதே. முதலில் முன்பின் தெரியாத ஒருவர் எழுதியதுபோல அதைப் படி. எந்த இடத்தில் உனக்கே புரியவில்லையோ அங்கேதான் மதிப்பெண் போயிருக்கும். தோல்வியை ஒளித்துவைத்தவர்களைவிட, அதை மேசைமேல் விரித்துப் படித்தவர்களே அடுத்த முறை தேறினார்கள்.

11. தேர்வோடு இதை விட்டுவிடாதே. நம் மாவட்டத்து மத்தளம்பாறையில் இருந்துகொண்டே உலகம் முழுக்க மென்பொருள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். வங்கியோ, ஜவுளிக்கடையோ, ஏற்றுமதியோ, நீ எங்கே போனாலும் முகம் தெரியாத ஒருவருக்கு நாள்தோறும் எழுதத்தான் போகிறாய்.

ஆகவே மகளே, இன்றைக்கே ஓர் உண்மையான கடிதம் எழுது. உன் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் நகராட்சிக்கு எழுது. வாங்கிய பொருள் கெட்டிருந்தால் கடைக்கு எழுது. தேதி போட்டு, பொருள் எழுதி, பணிவாகக் கேட்டு அனுப்பு. பதில் வரும்வரை விடாமல் நினைவூட்டு. அப்படி நாலு கடிதம் எழுதிப் பழகிவிட்டால், தேர்வு அறையில் உன் கை நடுங்காது.