‘வெறியிலை கிடக்கிறார், நித்திரை கொள்ளட்டும்’

இருட்டிய பின் இரண்டு பேர் ஒருவரைத் தோளில் தாங்கி வந்து திண்ணையில் கிடத்திவிட்டுப் போகிறார்கள். மனைவி விளக்கைக் கொண்டுவந்து பார்க்கிறாள். கசிப்பு மணம். தட்டி எழுப்பினால் எழும்பவில்லை. பெரிய சத்தமாகக் குறட்டை விடுகிறார். பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஒரு குரல் வருகிறது: “விடு பிள்ளை, வெறியிலை கிடக்கிறார். நித்திரை கொண்டால் விடியச் சரியாகிவிடும்.” பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று பழைய சேலை ஒன்றால் மூடிவிட்டு அவள் உள்ளே போகிறாள். விடியும்போது உடம்பு குளிர்ந்து போயிருக்கிறது.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதையல்ல. ஆனால் முகாமிலோ, இரவல் காணியிலோ, மீள்குடியேறிய ஊரிலோ வாழ்ந்த எவருக்கும் இது புதிதாகவும் இராது. மதுவுக்கு எதிராக நாம் எவ்வளவோ பேசிவிட்டோம். பங்கு மண்டபங்களில் கூட்டம் வைத்தோம், சத்தியம் செய்வித்தோம். மயங்கிக் கிடப்பவரை அந்த இரவில் எப்படிக் காப்பாற்றுவது என்பதை மட்டும் அநேகமாக நாம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே இந்தப் பாடத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.

குறட்டை எப்போது ஆபத்து?

நாம் நித்திரை கொள்ளும்போதும் மூளையின் ஒரு பகுதி விழித்திருந்து மூச்சை நடத்துகிறது. அளவுக்கு மிஞ்சிய மது அந்தப் பகுதியையே மந்தமாக்கிவிடும். ‘தூள்’ என்னும் ஹெரோயினும், ட்ரமடோல் போன்ற கடும் வலிக் குளிசைகளும், நித்திரைக் குளிசைகளும், இப்போது இளைஞர்களிடையே பரவியுள்ள பிரெகபலின் குளிசையும் செய்வது அதையேதான். இவற்றில் இரண்டை ஒன்றாக எடுத்தால் ஆபத்து பன்மடங்காகிறது. குடித்து முடித்த பின்னும் வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். எட்டு மணிக்குப் பேசிக்கொண்டு வந்தவர் ஒன்பது மணிக்கு மூச்சுத் திணறுவது இதனால்தான்.

மயங்கியவர் மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னே சரிந்து தொண்டையை அடைக்கும். அந்த அடைப்பின் சத்தத்தைத்தான் நாம் குறட்டை என்கிறோம். சத்தி எடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பலர் போதையால் நேரடியாக அல்ல, இந்த அடைப்பினால்தான் இறக்கிறார்கள்.

ஆகவே முதலில் பெயர் சொல்லிப் பலமாகக் கூப்பிடுங்கள். தோளை உலுக்குங்கள். அசையாவிட்டால் கைமுட்டியால் நெஞ்சின் நடு எலும்பில் அழுத்தித் தேயுங்கள். முனகவாவது இல்லை என்றால் அது நித்திரை அல்ல. நெஞ்சு உயர்ந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். 10க்குக் குறைந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 செக்கன் இடைவெளி விழுந்தாலோ, உயிர் ஆபத்தில் இருக்கிறது. எமது நிறத்தவரில் தோல் நீலமாவது தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள், சாம்பல் பூத்ததுபோல் இருக்கும்.

வண்டி வரும்வரை

1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் தென்னிலங்கையில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்த ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸ் சேவை அது. ஒழுங்கைப் பெயர் தெரியாத முகாமாயின் அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சொல்லி, ஒருவரை வெளிச்சத்துடன் சந்திக்கு அனுப்புங்கள். வண்டி வரப் பிந்துமாயின் முச்சக்கரவண்டியில் ஏற்றுங்கள். அப்போதும் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தபடியே போக வேண்டும்.

மூச்சு ஒழுங்காக ஓடுகிறதென்றால் பக்கவாட்டில் கிடத்துங்கள். அவருக்கு ஒரு பக்கத்தில் முழங்காலில் இருந்துகொண்டு, உங்கள் பக்கத்தில் உள்ள அவருடைய கையை வெளியே நீட்டி விடுங்கள். மற்றக் கையை நெஞ்சுக்குக் குறுக்காக எடுத்து, அதன் புறங்கையை அவருடைய இந்தப் பக்கக் கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். அப்பால் உள்ள முழங்காலை மடித்து, அதைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் உடம்பு தானாக உருளும். முழங்காலே நெம்புகோல். பாரமான ஆளைக்கூட மெலிந்த ஒரு பெண் தனியாகப் புரட்டலாம். பிறகு தலையைச் சற்றுப் பின்னே சரித்து, வாய் நிலத்தைப் பார்க்கும்படி விடுங்கள். மூடி வெப்பமாக வையுங்கள்; முகத்தை மூடாதீர்கள். ஒருவர் பக்கத்திலேயே இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூச்சு மிகக் குறைந்திருந்தால் மல்லாத்தி, நாடியை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 செக்கனுக்கு ஒரு தடவை ஊதுங்கள். நெஞ்சு உயர வேண்டும். மூச்சே இல்லை, உடம்பில் எந்த அசைவும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். ஊதத் தெரியாவிட்டால் அழுத்துவதையாவது நிறுத்தாமல் செய்யுங்கள்.

தேசிக்காய்த் தண்ணீர், புளிக்கரைசல், மோர், கோப்பி எதையும் மயங்கியவரின் வாயில் ஊற்றக் கூடாது. அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்கே போகும். சத்தி எடுக்க வைப்பதும், கிணற்றடியில் குளிர்தண்ணீர் வார்ப்பதும், பிடித்து நடத்துவதும் நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்குகள்.

கமக்காரக் குடும்பங்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. வெறியில் சண்டை பிடித்துவிட்டுக் கிருமிநாசினி குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கசிப்பு மணத்தோடு மருந்து மணமும் வந்தால், வாயில் நுரை தள்ளினால், வேர்வை ஓடினால், அவர் வெறியில் கிடக்கவில்லை. வாயோடு வாய் வைக்காமல், போத்தலையும் கையோடு கொண்டு உடனே ஏற்றுங்கள். பரசிற்றமோல் குளிசைகளை அள்ளி விழுங்கியவர் அன்றைக்கு நன்றாகவே நடமாடுவார். ஈரல் பழுதாவது இரண்டொரு நாள் கழித்துத்தான் தெரியும். மாற்றுமருந்து முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். கசிப்புக் குடித்த மறுநாள் கண் மங்கினாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ‘ஐஸ்’ எடுத்தவர் மயங்குவதற்குப் பதிலாகப் பதறுவார், உடம்பு கொதிக்கும். காற்றோட்டமான இடத்தில் இருத்தி, ஈரத்துணியால் துடைத்து, வாக்குவாதம் பண்ணாமல் கொண்டுபோங்கள்.

ஹெரோயின் போன்ற ஒபியம் வகைப் போதைக்கு நலொக்சோன் என்னும் மாற்றுமருந்து உண்டு. அதைக் குடும்பத்தவர் கையிலேயே கொடுத்து வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் பரிந்துரைத்தது. சில நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள். எமது வீடுகளில் அது இல்லை. எமக்கு உள்ளது இரண்டு கையும் ஒரு தொலைபேசியும்தான். அந்த ஊசி போட்டு ஒருவர் எழும்பினால் உடனே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். ஊசியின் வலு ஒரு மணித்தியாலம் அளவில் குறைந்துவிடும். போதை அதற்குப் பின்னும் உடம்பில் இருக்கலாம்.

பொலிஸ் வரும், பிள்ளையின் பெயர் கெடும் என்ற பயத்தில் கதவைச் சாத்துகிறவர்கள் அதிகம். விசாரணை வரக்கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் வைத்தியரிடம் எதை எடுத்தார் என்று மறைத்தால் அவர் இருட்டில் வைத்தியம் செய்ய வேண்டி வரும். நஞ்சு குடித்தவரின் குடும்பத்தவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு

தவக்காலம் தொடங்கும்போது பலர் சத்தியம் செய்து ஒரே நாளில் குடியை விடுகிறார்கள். நல்ல மனதுதான். ஆனால் வருடக்கணக்காகக் காலையிலிருந்தே குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாததைக் கண்டு பயந்து பிதற்றலாம். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்துக் கட்டி வைத்த இடங்களும் உண்டு. இது உயிரைக் கொல்லக்கூடிய நோய். மருந்தும் வைற்றமின் ஊசியும் கொடுத்தால் சில நாட்களில் கடந்துவிடும். சத்தியம் வாங்கும் குருவானவர்களும் சங்கத் தலைவர்களும் முதலில் அவரை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு சத்தியம் வாங்கட்டும்.

தூளை விட்டவருக்கு ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சில மாதம் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் அதுவே கடைசியாகிவிடலாம். வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மிகவும் ஆபத்தானவை. நாமோ பிள்ளை ‘சுகமாகி’ வந்துவிட்டான் என்று அந்த வாரங்களில்தான் காவலைத் தளர்த்துகிறோம்.

மண் இல்லாத கமக்காரன்

சொந்த ஊரில் இருந்தபோது அவருடைய நாள் நிறைந்திருந்தது. விடியப் பட்டை இறைப்பு அல்லது மெசின், பிறகு வெங்காயப் பாத்தி, புகையிலைக்கு எரு, மாலையில் மாடு. முகாமில் நிவாரண வரிசையில் மனைவி நின்றாள். தண்ணீர் வரிசையில் பிள்ளை நின்றது. அவர் நிற்க வரிசை இருக்கவில்லை. மாலைப் பொழுது நீண்டது. குடிக்கு இது நியாயமல்ல. அடி வாங்கிய மனைவியிடம் போய் இதைச் சொல்லவும் முடியாது. ஆனால் எந்த ஓட்டையால் தண்ணீர் போகிறது என்று தெரியாமல் வாய்க்காலை அடைக்க முடியாதல்லவா?

ஆகவே திரும்பி வந்தவருக்குப் புத்திமதியைவிட வேலை கொடுங்கள். கூலி மட்டுமல்ல, இன்ன நேரத்துக்கு இன்னார் காத்திருக்கிறார் என்ற வேலையாக இருக்க வேண்டும். பொது நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடுவது, சங்கத்தின் தண்ணீர்ப் பம்பைப் பார்ப்பது, உரப்பைகளில் மிளகாய் வளர்ப்பது எதுவும் போதும். பணப் பொறுப்பைக் கொஞ்ச நாளைக்குக் கொடுக்க வேண்டாம். கூலியைச் சனிக்கிழமை மாலையில் கையில் கொடுப்பது பழைய பாதையில் தள்ளிவிடுவதற்குச் சமம். அவருடைய சம்மதத்தோடு காலையில் கொடுக்கலாம், அல்லது சிக்கனக் கடனுதவிச் சங்கக் கணக்கில் போடலாம். சம்மதமில்லாமல் ஒளித்துச் செய்தால் உள்ள நம்பிக்கையும் போய்விடும். அறுவடைக் காசு வரும் கிழமை, செத்த வீடு, திருவிழா ஆகிய நாட்களில் ஒருவர் கூடவே திரியட்டும்.

அந்த ஒருவர் முன்பு குடித்து விட்டவராக இருந்தால் இன்னும் நல்லது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், குடியால் அழிந்துகொண்டிருந்த பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரிடம் போய்த் தன் கதையைச் சொன்னார். அந்தப் பேச்சில் இருவரும் தப்பினார்கள். இன்று உலகெங்கும் உள்ள ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ குழுக்கள் அதிலிருந்து பிறந்தவையே. பெரிய மண்டபம் தேவையில்லை. மர நிழலில் நாலு பேர் வாரத்தில் ஒரு நாள் கூடினால் போதும்.

அவர் மீண்டும் தவறலாம். பலர் தவறுகிறார்கள். அப்போது “இவ்வளவு செய்தும் இப்படியா?” என்று கேட்பதை விட “அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேளுங்கள், அடுத்த தடவைக்கான வழி அந்தப் பதிலில் இருக்கும். அதேவேளை, உதவுவது என்றால் அடியைப் பொறுத்துக்கொண்டு இருப்பது என்று எந்தப் பெண்ணும் நினைக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. போதை பற்றிய ஆலோசனைக்கு 1927. மனநல உதவிக்கு 1926.

கசிப்பு விற்பவரைத் தடியோடு துரத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. சில இடங்களில் அவள் கணவனை இழந்து, நுண்கடனில் மாட்டிய தாய். கோடாப் பானையை உடைத்தால் அது அடுத்த ஒழுங்கைக்குப் போகும். அவளுக்கு வேறு வருமானம் என்ன என்பதையும் மாதர் சங்கம் அதே கூட்டத்தில் பேச வேண்டும்.

குழுவில் செய்வதற்கு: அடுத்த கூட்டத்துக்கு ஒரு பாய் கொண்டு வாருங்கள். ஒருவர் மயங்கியவர்போல் கிடக்க, ஒவ்வொருவரும் அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் பழகுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் பழகட்டும். நெஞ்சை அழுத்துவதை ஆளில் பழகக் கூடாது, அரிசிச் சாக்கில் பழகுங்கள். இரவில் தொலைபேசி யாரிடம் இருக்கும், முச்சக்கரவண்டி யாரிடம் இருக்கும், சந்தியில் வெளிச்சம் பிடித்து நிற்பது யார் என்று பெயர் எழுதிப் பொதுக் கிணற்றடியில் ஒட்டுங்கள்.