கம்பி அறுந்ததா, பெயர் மறந்ததா?

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போயிருக்கிறீர்களா? கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி வரிசையாக நிற்பதைக் காணலாம். அந்தப் பெட்டிகளைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதியிருக்கும். "என் பொம்மைச் சரக்கு வந்த பெட்டி" என்பார் வணிகர். கிரேன் இயக்குபவருக்கு அந்தப் பெயரால் பயனில்லை, எண்தான் வேண்டும். இடையில் ஓர் எழுத்தர் பதிவேட்டைப் புரட்டி எண்ணைச் சொல்கிறார். ஒருநாள் அவர் வரவில்லையென்றால்? பெட்டி இருக்கிறது, கிரேன் இருக்கிறது, சாலையும் திறந்திருக்கிறது. ஆயினும் வேலை நடவாது.

இணையத்திலும் இத்தகைய எழுத்தர் ஒருவர் உண்டு. நாம் ஓர் இணையதளத்தைப் பெயரால் அழைக்கிறோம். கணினிகளோ ஒன்றையொன்று எண்ணால் மட்டுமே அடைய முடியும். இந்த எண்ணுக்கு ஐ.பி. முகவரி என்று பெயர். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படுகிறது.

ராயபுரத்தில் ஒரு காலைப்பொழுது

என் பழைய மாணவர் ஒருவர் ராயபுரத்தில் ஒரு சிறிய சரக்கு முகவர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். அங்கே ஏழு கணினிகள் உள்ளன. இறக்குமதிச் சரக்குக்கான பத்திரங்களைச் சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' இணையதளத்தில் பதிவு செய்வது அவர்களுடைய அன்றாட வேலை. அனுமதி தாமதமாகி, இலவச நாள்களும் கடந்துவிட்டால், பெட்டி துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

ஒருநாள் பதினொன்றரை மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்தார். "சார், நெட் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போய்விட்டது. பத்தரை மணிக்குச் சில தளங்கள் வந்தன, சில வரவில்லை. இப்போது எதுவுமே வரவில்லை. தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள். கம்பி அறுந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்."

கம்பி அறுந்தால் எல்லாம் ஒரே கணத்தில் நிற்க வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றாக ஏன் நிற்க வேண்டும்? இந்தக் கேள்விதான் எனக்குத் துப்புக் கொடுத்தது.

ஒரே ஒரு வேறுபாடு

இயற்பியல் ஆய்வகத்தில் நாம் கற்கும் முதல் பாடம் என்ன? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மற்றவற்றை மாற்றாதே. அதையே இங்கும் செய்தோம்.

முதற் சோதனை: பெயரைத் தவிர்த்து எண்ணை மட்டும் பயன்படுத்துதல். 'பிங்' என்னும் கட்டளை, குறிப்பிட்ட எண்ணுள்ள கணினிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகிறதா என்று பார்க்கும். 8.8.8.8 என்பது கூகுள் நிறுவனம் பொதுமக்களுக்காக நடத்தும் பெயர் வழங்கியின் எண். அதற்குப் பிங் செய்யச் சொன்னேன். உடனே மறுமொழி வந்தது! ஆகவே கம்பி, ரூட்டர், வெளி இணைப்பு எல்லாம் நலமே. தெருப்பள்ளம் குற்றமற்றது.

இரண்டாம் சோதனை: அதே கட்டளை, எண்ணுக்குப் பதில் பெயர். "அப்படி ஒரு கணினியைக் காணவில்லை" என்றது திரை. இரு சோதனைகளுக்கும் உள்ள ஒரே வேறுபாடு பெயர்தான். எனவே பழுதும் பெயரை எண்ணாக்கும் இடத்தில்தான்.

மூன்றாம் சோதனை: எந்த எழுத்தர் வரவில்லை? 'என்.எஸ்.லுக்கப்' என்னும் கட்டளையால் ஒரே பெயரை இரண்டு வழங்கிகளிடம் கேட்டோம். 8.8.8.8 உடனே விடை தந்தது. அலுவலகக் கணினிகள் வழக்கமாகக் கேட்கும் 192.168.1.10 வாய் திறக்கவில்லை. "அது எந்தக் கணினி?" என்று கேட்டேன். சற்று மௌனம். "சார், மூலையில் ஒரு பழைய சர்வர் இருந்தது. காலை பத்து மணிக்குத்தான் அதை அணைத்துப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தோம்!"

இஸ்திரிப் பெட்டியின் சூடு

அப்படியானால் பத்து மணிக்கே எல்லாம் நின்றிருக்க வேண்டாமா? மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இஸ்திரிப் பெட்டி சிறிது நேரம் சூடாக இருப்பதைக் கண்டிருப்பீர்கள். டி.என்.எஸ். விடைகளும் அப்படியே. ஒவ்வொரு விடையுடனும் "இதை இத்தனை நொடிகள் வைத்துக்கொள்ளலாம்" என்ற குறிப்பு வருகிறது. அதுவரை கணினி அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும், மறுபடி கேட்காது. சில விடைகளுக்கு 300 நொடி, சிலவற்றுக்கு 3,600 நொடி. நினைவு தீரத்தீரத் தளங்கள் ஒவ்வொன்றாக நின்றன. காரணம் பத்து மணிக்கு. முழு விளைவு பதினொன்றரைக்கு. இடைவெளி இருந்ததால் இரண்டையும் எவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

எழுத்தருக்கு எப்படித் தெரியும்?

ஆதியில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் அதனைப் பராமரித்தது, மற்றவர்கள் நகலெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகவே அது இயலாமற் போயிற்று. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பொறுப்பைப் பலருக்குப் பங்கிடும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். இம்முறையில் வழங்கி முதலில் 'வேர்' வழங்கியைக் கேட்கும். 'இன்' என்று முடியும் பெயர்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று அது வழிகாட்டும். அவர் அடுத்தவரைக் காட்டுவார். இப்படிப் படிப்படியாக விடை கிடைக்கும். வேர் வழங்கிகளுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள் உண்டு. அவற்றுள் எஃப் வழங்கியின் நகல் ஒன்று 2005-இல் நம் சென்னையிலேயே நிறுவப்பட்டது.

பழுது நீக்கம்

"எல்லாக் கணினிகளிலும் 8.8.8.8 என்று எழுதிவிட்டால் போதாதா?" என்றார் மாணவர். அன்றைய பத்திரத்தைப் பதிவு செய்ய ஒரு கணினியில் அப்படிச் செய்யச் சொன்னேன். ஆனால் அது நிலையான தீர்வன்று. நோயின் வேர் ரூட்டரில் இருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் எண் வழங்கும்போது, "பெயர் கேட்க 192.168.1.10-க்குப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். அதை விட்டுவிட்டால், நாளை வாங்கும் எட்டாவது கணினியும் இல்லாத எழுத்தரையே தேடிப் போகும். ரூட்டரின் அமைப்பைத் திருத்தி, கணினிகளை மறுபடி இயக்கினார்கள். பன்னிரண்டரைக்கு எல்லாம் சரியாயிற்று. அலுவலகத்துக்குள் மட்டும் வழங்கும் அச்சுப்பொறியின் பெயர் வெளியாருக்குத் தெரியாது. அதனைத் தனியே பதிந்துகொண்டனர்.

ஓர் எச்சரிக்கை. பெயருக்கு விடை வராவிட்டால் வழங்கி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. 2021 அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவை ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் நின்றன. எங்கும் "பெயர் தெரியவில்லை" என்றே வந்தது. ஆனால் அந்நிறுவனத்தின் பெயர் வழங்கிகள் பழுதாகவில்லை. பராமரிப்பின்போது தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையால் அவற்றை அடையும் வழிதான் அடைபட்டிருந்தது. எழுத்தர் இருக்கையிலேயே இருந்தார், அறைக்கதவுதான் பூட்டியிருந்தது!

ஆகவே பழுது எதுவானாலும் மூன்று கேள்விகளை மறவாதீர்கள். எது வேலை செய்கிறது? எது செய்யவில்லை? இரண்டுக்கும் இடையே உள்ள ஒரே வேறுபாடு என்ன?

நீங்களே செய்து பாருங்கள்: ஆசிரியரின் அனுமதியுடன் பள்ளிக் கணினியில் 8.8.8.8-க்கு ஒருமுறையும், ஏதேனும் ஓர் இணையதளப் பெயருக்கு ஒருமுறையும் பிங் செய்யுங்கள். எண்ணுக்கு மறுமொழி வராமல், பெயருக்கு மட்டும் வந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? பிங்குக்கு மறுமொழி தராதபடி சில கணினிகளை அமைத்திருப்பார்கள் என்பதையும் நினைவிற்கொண்டு சிந்தியுங்கள்.