மெதுவாகக் கரையும் மாத்திரை: பிசினும் கடற்பாசியும் செய்யும் வேலை

கெடிலக் கரையிலுள்ள இவ்வூருக்கும் வயிற்று வலிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. சூலை நோயால் வருந்திய மருள்நீக்கியார், தம் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகை வீரட்டானம் வந்து, திருநீறு பெற்று, பதிகம் பாடி நோய் நீங்கினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்தச் சூலைக்கு இன்றைய மருத்துவப் பெயர் சூட்ட நாங்கள் துணிய மாட்டோம். ஆயினும், இன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

பெரும்பாலும் "ஆம்" என்றே விடை வரும். நாள் முழுவதும் குந்தியிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், பலாமரம் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்கள், நெய்வேலிச் சுரங்கத்தில் பல்லாண்டு உழைத்து இடுப்பு வலியோடு ஓய்வுபெற்றவர்கள் என இப்பகுதியில் மூட்டு வலிக்குப் பஞ்சமில்லை. சுருக்குப் பையிலோ சட்டைப் பையிலோ ஒரு மாத்திரை அட்டை இருக்கும். சிலரிடம் இரண்டு இருக்கும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு மகளின் கேள்வி. அவருடைய தாயார் முதியவர். பெரிய மாத்திரைகளை விழுங்க இயலாதவர். எனவே மகள் அன்போடு மாத்திரையைக் கரண்டியால் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்துவந்தார். அது நாளுக்கு ஒன்று மட்டும் தரவேண்டிய, மெதுவாக மருந்தை விடுவிக்கும் 100 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக். சில நாட்களில் தாயாருக்குத் தார் போல் கருமலம் போயிற்று, தலைசுற்றலும் வந்தது. இரைப்பையில் இரத்தம் கசிந்திருந்தது. பொடித்ததே முழுக் காரணம் என்று கூற இயலாது. வயது ஒரு காரணம். வெறும் வயிறு மற்றொன்று. இடையில் கடையில் வாங்கிய வேறொரு வலி மாத்திரையும் சேர்ந்திருந்தது. அவர் நலம் பெற்று வீடு திரும்பும் நாளில் மகள் கேட்டார்: "முழுசா விழுங்கினாலும் பொடிச்சுக் குடுத்தாலும் உள்ளே போறது ஒரே மருந்துதானே?"

மருந்து ஒன்றுதான். ஆனால் அம்மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை.

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது காண்போம். உடலில் காயமோ தேய்மானமோ நேர்ந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகி, வீக்கத்தையும் வெப்பத்தையும் வலியையும் பெருக்குகின்றன. இதையே அழற்சி என்கிறோம். ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் இப்பொருள்கள் உருவாவதைத் தடுக்கின்றன என்பதை இலண்டனில் ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார். 1982-இல் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் ஆகியன இவ்வினத்தவை. ஆனால் புரோஸ்டாகிளாண்டின் நமக்குப் பகை மட்டுமன்று. இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைச் சுரக்கச் செய்து, அமிலம் சுவரையே அரித்துவிடாமல் காப்பதும் அதுவே. சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. முழங்காலில் வலியைக் குறைக்கச் சென்ற மருந்து இரைப்பையின் காவலையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. (டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதுபட்டு இந்தியா முழுவதும் கூட்டம் கூட்டமாக மடிந்ததும், 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டதும் நினைவிருக்கலாம். மனிதச் சிறுநீரகம் கழுகின் சிறுநீரகம் அன்று. இருப்பினும் மருந்தின் வலிமையை உணர அச்செய்தி போதும்.)

அடுத்த சிக்கல் நேரம். டைக்ளோஃபெனாக் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஐபுபுரூஃபெனும் அவ்வாறே. சாதாரண மாத்திரையை உட்கொண்டால் மருந்தின் அளவு விரைவாக உயர்ந்து, விரைவாகவே சரியும். சரிந்ததும் வலி திரும்பும். இரவு படுக்கும்போது உட்கொண்ட மாத்திரை விடியற்காலையில் கைகொடுக்காது. மூட்டுவாத நோயாளிக்கோ விடியற்காலையில்தான் விரல்களை மடக்க முடியாமல் போகும்.

பண்ருட்டிப் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை. மடையைத் திறந்துவிட்டு ஒரேயடியாக நீர் பாய்ச்சுவது ஒரு முறை. சொட்டுநீர்க் குழாய் வழியே வேருக்கு வேண்டிய அளவு நாள் முழுவதும் கொடுப்பது மற்றொரு முறை. மெதுவாக விடுவிக்கும் மாத்திரை இரண்டாம் முறையைச் சேர்ந்தது. அதற்குள் சொட்டுக் குழாயாக இருந்து வேலை செய்வது எது என்பதே இப்பாடத்தின் மையம்.

அதனைப் பல்லுறுப்பி என்பர். பாலிமர் என்ற சொல் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே வகையான சிறு கண்ணிகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. பிளாஸ்டிக்கும் பல்லுறுப்பியே, ஆனால் இயற்கை அதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வேலையைச் செய்துவந்துள்ளது. ஒரு சிட்டிகை பாதாம் பிசினை இரவில் நீரில் போட்டு வையுங்கள். காலையில் கிண்ணம் நிறையக் கூழ்க்கட்டிகளாகப் பொங்கி நிற்கும். சப்ஜா விதையைச் சுற்றி உருவாகும் வழுவழுப்பான உறையும் இத்தகையதே. நீரைக் குடித்துப் பருத்த அந்தக் கூழுக்குள் மருந்து சிக்கியிருந்தால், அது ஒரேயடியாக வெளியே பாய முடியாது. கூழின் இடுக்குகளின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்துதான் வர வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது மரக்கூழிலிருந்தும் பருத்தியிலிருந்தும் கிடைக்கும் செல்லுலோஸைச் சற்று மாற்றிச் செய்த கூழ்ப்பொருள்.

ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான ஒரு வழியையும் வளர்த்துவருகிறார்கள். மாத்திரை முழுவதையும் ஒரே கட்டியாகச் செய்யாமல், மருந்தைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நுண்துகள்களுக்குள் அடைப்பது அவ்வழி. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஒரு மில்லிமீட்டர் வரை குறுக்களவு கொண்ட உருண்டைகளை நுண்துகள் என்பர். ஒரே கட்டி குடலில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு மருந்து முழுவதையும் அங்கேயே கொட்டினால் அவ்விடம் புண்ணாகும். நூற்றுக்கணக்கான துகள்கள் குடல் நெடுகப் பரவிச் சென்றால் எந்த இடத்திலும் மருந்து குவிவதில்லை.

இத்துகள்களைச் செய்யும் முறைகளில் நம் அடுக்களையை நினைவூட்டுவது ஆல்ஜினேட் முறை. ஆல்ஜினேட் என்பது பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் கரையோரம் இப்பாசிகள் வளர்கின்றன. சோடியம் ஆல்ஜினேட் கரைசலில் மருந்தைக் கலந்து, ஊசி முனை வழியாகக் கால்சியம் குளோரைடு நீரில் துளித்துளியாக விடுகிறார்கள். காராபூந்தி எண்ணெயில் விழுவது போல ஒவ்வொரு துளியும் விழுந்தவுடன் உருண்டையாகத் திரண்டு நிற்கும். வேறுபாடு என்னவென்றால், இங்கே அடுப்பும் இல்லை, சூடும் இல்லை. சோடியத்தை விலக்கிவிட்டுக் கால்சியம் உள்ளே புகுந்து, பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. சூடு படாததால் மருந்து கெடுவதில்லை. இவ்வுருண்டைகளை மேலும் சிறிதாக்கும் வழிகளும் உள்ளன.

இதன் நடத்தை வியப்புக்குரியது. இரைப்பையின் அமிலத்தில் ஆல்ஜினேட் உருண்டை கரையாது; சுருங்கி இறுகிக்கொள்ளும். சிறுகுடலுக்குள் நுழைந்து அமிலம் தணிந்ததும், கால்சியம் மெல்ல விலக, உருண்டை பருத்துத் தளர்ந்து மருந்தை விடத் தொடங்கும். எங்கே பூட்டியிருக்க வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்பதைக் குடலின் நீரே தீர்மானிக்கிறது. இறால், நண்டு ஓடுகளிலிருந்து பெறப்படும் கைட்டோசானை ஆல்ஜினேட்டின் மேல் பூசினால் உறை இன்னும் உறுதியாகும். நம் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையத்திலும் கைட்டோசான் பற்றி ஆய்ந்திருக்கிறார்கள்.

பெருங்குடல் வரை மருந்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய நோய்களும் உண்டு. பெருங்குடலில் புண் உண்டாகி இரத்தமும் சளியுமாகக் கழியும் நாட்பட்ட அழற்சி நோய்க்கு 5-அமினோசாலிசிலிக் அமிலம் தரப்படுகிறது. வழியிலேயே அது உறிஞ்சப்பட்டுவிட்டால் புண்ணைச் சென்று சேராது. 1990-களின் இறுதியில் விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்குக் கொத்தவரைப் பிசினைக் கையாண்டார்கள். ஆம், நாம் பொரியல் செய்யும் அதே கொத்தவரைதான். அதன் விதையில் இப்பிசின் உள்ளது. நம் செரிமான நீர்களால் இப்பிசினை எளிதில் உடைக்க முடிவதில்லை. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களோ அதை உண்டு உடைத்துவிடும். எனவே உறை அங்கே சென்றபிறகே முழுமையாகத் திறக்கிறது. மாத்திரை உள்ளே எங்கே இருக்கிறது என்பதைக் காமா கேமராவால் படம் பிடித்து, உடல்நலமுள்ள தன்னார்வலர்களிடம் அவர்கள் இதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

நம் ஊர் மரங்களும் இந்த வரிசையில் இடம்பெற்றிருக்கின்றன என்று அறிந்தபோது எங்களுக்குச் சிறிது பெருமிதம் உண்டாயிற்று. முந்திரி மரத்தின் பட்டையில் வடியும் பிசினை, அம்மரத்தின் தாயகமான பிரேசிலில் ஆய்வாளர்கள் தூய்மைப்படுத்தி, வேதிமுறையில் சற்று மாற்றி, மிக நுண்ணிய துகள்களாக்கி, இண்டோமெத்தசினை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பலாக்கொட்டையின் மாவுச்சத்தை ஆல்ஜினேட்டோடு கலந்து, நீரிழிவு மருந்தைத் தாங்கும் உருண்டைகளை இந்திய மருந்தாக்கவியலாளர்கள் உருவாக்கியுள்ளனர். ஆனால் இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து நிலையிலேயே உள்ளன. ஒரு மரத்துப் பிசின் மற்றொரு மரத்துப் பிசினைப் போல் இருப்பதில்லை. கோடையில் வடிவதும் மழைக்குப்பின் வடிவதும் வேறு. தூசியும் கிருமியும் எளிதில் சேரும். ஆயிரம் மாத்திரைகளும் ஒரே வேகத்தில் கரைய வேண்டும் என்ற நிபந்தனையை இயற்கைப் பொருளைக் கொண்டு நிறைவேற்றுவது கடினம். தோட்டத்துப் பிசினைச் சுரண்டி மாத்திரையோடு விழுங்கிப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டா.

இனி அந்த மகளின் கேள்விக்கு வருவோம். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கும்போது நாம் உடைப்பது மருந்தை அன்று, அதன் பூட்டை. பல மணி நேரத்துக்கென வைத்த மருந்து முழுவதும் குறுகிய நேரத்தில் வெளியேறிவிடும். மடை உடைந்தது போலத்தான். மென்று விழுங்கினாலும் அதே விளைவு. அட்டையில் மருந்தின் பெயரை அடுத்து எஸ்ஆர், சிஆர், இஆர், எக்ஸ்ஆர் என்ற எழுத்துகளில் ஏதேனும் இருந்தால் அது இவ்வகை என்று கொள்ளுங்கள். விழுங்க முடியாதவர்களுக்குத் திரவ மருந்து, மேலே தடவும் களிம்பு, நொறுக்கத்தக்க சாதாரண மாத்திரை எனப் பல மாற்றுகள் உள்ளன. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொன்னால் மாற்றித் தருவார்கள். குழாய் வழியாக உணவு பெறுவோரின் வீட்டார் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துத் தரலாகாது.

மற்றொரு நம்பிக்கையையும் திருத்த வேண்டியுள்ளது. "இது மெதுவா கரையற மாத்திரை, வயிற்றைக் கெடுக்காது" என்று கடையில் சொல்லக் கேட்டதாகப் பலர் கூறுகின்றனர். மாத்திரை இரைப்பைச் சுவரை நேரடியாக உறுத்துவதை உறை குறைக்கும், அவ்வளவே. இரைப்பையின் காவலைக் குறைப்பது இரத்தத்தில் கலந்த மருந்து. ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியே வைத்தாலும் புண் வரக்கூடும். எனவே முன்பு குடற்புண் இருந்தவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள், சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் எந்த வகை வலி மாத்திரையையும் தாமாக வாங்கி உண்ணலாகாது. இரண்டு வேறு பெயர்களில் வாங்கிய மாத்திரைகளும் ஒரே இனமாக இருக்கலாம். கருமலம், காபித் தூள் போன்ற வாந்தி, திடீர்த் தலைசுற்றல், கால் வீக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வாருங்கள், இரவானாலும் வாருங்கள்.

இறுதியாக ஒன்று. சில நாட்களுக்கு ஒருமுறை எவரேனும் ஒருவர் காகிதத்தில் மடித்த ஒரு பொருளோடு, தயக்கத்துடன் மருந்தகச் சாளரத்துக்கு வருவதுண்டு. "சாப்பிட்ட மாத்திரை அப்படியே மலத்தில் வந்துவிட்டது, மருந்து வேலை செய்யவில்லை" என்பார். மெதுவாகக் கரையும் மாத்திரைகள் சிலவற்றில் இது இயல்பு. மருந்து முழுவதும் கசிந்து உடலில் சேர்ந்தபின், உடையாமல் எஞ்சிய வெற்றுக் கூடே வெளியே வருகிறது. அதைக் கண்டு இன்னொரு மாத்திரை விழுங்க வேண்டா. ஐயம் இருந்தால் மாத்திரை அட்டையை மட்டும் கொண்டுவந்து காட்டுங்கள். காகிதப் பொட்டலம் தேவையில்லை.