நடையும் மருந்துச் சீட்டும்

கேள்வி: ‘நன்றாக நடங்கள்’ என்று மருத்துவர் சொல்வதால் நோயாளிகள் உண்மையிலேயே நடக்கத் தொடங்குகிறார்களா?

பதில்: நியூசிலாந்தில் 1998ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ‘பச்சைச் சீட்டு’ முறையில், மருத்துவரோ செவிலியரோ நோயாளியோடு கலந்து பேசி, என்ன பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்பவற்றை மருந்து எழுதுவதுபோலவே எழுதித் தருகின்றனர்; அதன் பிறகு வட்டார விளையாட்டு அறக்கட்டளையைச் சேர்ந்த ஊக்குநர் ஒருவர் சில மாதங்கள் தொலைபேசியில் அழைத்து முன்னேற்றத்தை விசாரிக்கிறார். வைக்காட்டோ பகுதியின் 42 மருத்துவ நிலையங்களில், 40 முதல் 79 வயது வரையிலான, உடலியக்கம் குறைந்த 878 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு இம்முறையைச் சோதித்தது. சீட்டு வழங்கிய நிலையங்களும் வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்த நிலையங்களும், சார்பு புகாதபடி, குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டிருந்தன. ஓராண்டின் முடிவில், வாரத்துக்கு இரண்டரை மணிநேர மிதமான பயிற்சியை (பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்கும் பயிற்சியை) எட்டியோர் சீட்டுப் பெற்ற குழுவில் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தனர். அதாவது பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் மாறுகிறார். இரத்த அழுத்தத்தில் இரு குழுக்களுக்கும் இடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் செலவு குறைந்த ஒரு முறைக்கு இது நல்ல விளைச்சலே. சீட்டைக் காட்டிலும், அதைத் தொடர்ந்து வந்த தொலைபேசி விசாரிப்பே இதில் பெரும்பங்கு ஆற்றியிருக்கக்கூடும்.