கமிட்டிக்கு வந்தவர் கவனத்துக்கு

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கம் தெருவுக்கு ஒரு சபாவோ டிரஸ்டோ பள்ளிக்கூடமோ இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே யாராவது வந்து கமிட்டியில் சேரச் சொல்வார்கள். சேர்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். பெரும்பாலும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைப் பார்த்து எழுதியவை.

செய்ய வேண்டியவை

• அமைப்பு யாருக்காக ஆரம்பித்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டறிக்கை போதாது, பழைய மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். கேன்சர் இன்ஸ்டிட்யூட்டின் பெயரோடு இன்றும் ‘டபிள்யூ.ஐ.ஏ.’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1917-ல் அடையாறில் தோன்றிய இந்திய மாதர் சங்கம்தான் அது. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது. ஏழைக்கும் அதே சிகிச்சை என்பது அன்றைய நோக்கம். கட்டடமும் கருவிகளும் அதற்குப் பின்னால் வந்தவை.

• கணக்கு வையுங்கள். பணக்கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நான் சொல்வது வேலையின் கணக்கு. 1981-ல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் வந்தபோது பம்பாய், பெங்களூரோடு சென்னையும் சேர்ந்தது. சென்னைப் பதிவேட்டை ஏற்றுக்கொண்டது இந்த மருத்துவமனை. தகவல் தேடி வராது என்பதால் ஊழியர்கள் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போய் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிக் குறித்து வந்தார்கள்; இறப்புப் பதிவுகளோடு ஒத்துப் பார்த்தார்கள். சலிப்பூட்டும் வேலை. இதற்கெல்லாம் மேடையில் பொன்னாடை போர்த்துவதில்லை. ஆனால் சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்து மார்பகப் புற்றுநோய் முந்திவிட்டதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடிந்தது இதனால்தான். உங்கள் பள்ளியில் பாதியில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆண்டு விழாவுக்கு எந்த நடிகர் வந்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும்.

• கற்றதைப் பூட்டி வைக்காதீர்கள். 1984-ல் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் புற்றுநோய் மருத்துவத்துக்கென்று கல்லூரியே வந்தது. படித்தவர்கள் வேறு மருத்துவமனைகளுக்குப் போவார்கள் என்பது தெரிந்தேதான்.

• வாதம் நடக்கட்டும். 1928-ல் தோன்றிய மியூசிக் அகாடமியின் காலை அமர்வுகளில் வித்வான்கள் ராக லட்சணத்தைப் பற்றி ரசிகர்கள் முன்னிலையிலேயே மோதியிருக்கிறார்கள். நம் கமிட்டிகளிலோ காபி வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது.

செய்யக்கூடாதவை

• லோகோ மாற்றுவதில் முதல் வருடத்தைக் கழிக்காதீர்கள்.

• யாரோ இடம் தருகிறார் என்பதற்காகக் கிளை திறக்காதீர்கள். இடம் கிடைத்துவிடும், நடத்த ஆள் கிடைக்கமாட்டார்.

• எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். 1955-ல் கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021-ல் மறையும்வரை அதை விட்டுப் போகவில்லை. அது கொடுப்பினை, அதையே ஏற்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1986-ல் காலமானார். அவருக்குப் பிறகு கலாக்ஷேத்ராவை நடத்த 1993-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. உங்கள் தெரு சபாவுக்காக நாடாளுமன்றம் கூடாது. அடுத்த செயலாளரை இப்போதே பழக்குங்கள்.

• புகார் கொடுத்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்காதீர்கள். புகாரை விசாரியுங்கள்.

• பதவி முடிந்த பிறகும் சாவி, பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு எதையும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று மாலையே ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.